வடம் திரும்பும் முனை

கைபேசியைக் குனிந்து பார்ப்பவரின் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறுகிறது என்னும் செய்தி, கடந்த பத்தாண்டுகளாக உடல்நலப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. 2014-இல் நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் வெளியிட்ட ஒரு கணினி மாதிரிக் கணக்கிலிருந்து பிறந்த அந்த எண், தலை 60 பாகை குனிந்திருக்கையில் கழுத்தெலும்புகள் தாங்கவேண்டிய விசையைக் குறிப்பது. அது எவருடைய கழுத்திலும் அளந்து பெறப்பட்டதன்று, எலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தைப் பற்றி அது எதையும் சொல்வதுமில்லை. ஆயினும், குனிதலாலேயே தண்டுவடம் சேதமடையும் நோய் ஒன்று உண்மையில் உண்டு என்பதும், அதன் பெயர் ஹிராயாமா நோய் என்பதும் தெரியவந்ததும், இரண்டு செய்திகளையும் ஒன்றாக முடிச்சிட்டு, கைபேசி இளைஞர்களின் கைகளைச் சூம்ப வைக்கிறது என்று முடிவு கட்டுவது எளிதாகிவிடுகிறது. இந்நோய் மருத்துவ இலக்கியத்தில் பதிவானது 1959-இல். கைபேசி கடைக்கு வந்தது அதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பின்னர்தான். அச்சமூட்டும் தலைப்பு இந்த ஒரு வரியிலேயே பாதி வலுவிழந்துவிடுகிறது. எஞ்சும் உண்மை தலைப்பைவிட மிகவும் நுட்பமானது என்பதோடு, அந்த நுட்பத்தை அறியாமல் இந்நோயாளி ஒருவருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது தீங்காகவும் முடியக்கூடும்.

நோயின் தோற்றம் ஏறக்குறைய எல்லாரிடமும் ஒன்றுபோலவே இருக்கிறது. பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், பெரும்பாலும் உயரமாக வளர்ந்துவரும் ஆண் ஒருவருக்கு, ஒரு கையின் விரல்களில் வலிமை குறையத் தொடங்குகிறது. சட்டைப் பொத்தானைப் போடுவதும் பூட்டில் சாவியைத் திருப்புவதும் கடினமாகின்றன. உள்ளங்கையில் சிறுவிரல் பக்கத்துச் சதைமேடு தட்டையாகிறது. முன்கையின் சதை மெலிகிறது. வலி இல்லை, மரத்துப்போவதும் அநேகமாக இல்லை. விரல்களை நீட்டிப் பிடித்தால் அவை மெல்ல நடுங்குகின்றன. குளிர்ந்த நீரில் கை நனைந்தாலோ, அதிகாலைக் குளிரில் வண்டி ஓட்டினாலோ, இருக்கும் வலிமையும் சிறிது நேரத்துக்குப் போய்விடுகிறது. முன்கை முழுவதும் சூம்பினாலும், முழங்கைக்கு மேலிருந்து பெருவிரல் பக்கமாக இறங்கும் ஒரு தசை மட்டும் பருமன் குறையாமல் நிற்பதால், மெலிவின் எல்லை கையின் குறுக்கே சாய்வுக்கோடாகத் தெரிகிறது. ஜப்பானில் 1996 முதல் 1998 வரை நடந்த நாடளாவிய கணக்கெடுப்பில் 333 நோயாளிகளே கண்டறியப்பட்டனர். அவர்களில் பெண் ஒருவர் என்றால் ஆண்கள் இருபதின்மர். மெலிவு ஓரிரு ஆண்டுகள், சிலருக்கு ஐந்தாண்டுகள் வரை வளர்ந்து, பிறகு தானாகவே நின்றுவிடுகிறது. தானாக நிற்கும் இந்த இயல்பே இந்நோயின் பெரும் ஆறுதல். இந்நோயைப் பற்றிய பொய்யான உரிமைகோரல்கள் பிறப்பதும் இதிலிருந்துதான்.

இனி, இந்நோயில் உண்மையாகவே வியந்து நிற்கத்தக்க இடத்துக்கு வரலாம். தண்டுவடம் முதுகெலும்புக் கால்வாய்க்குள் வெறுமனே தொங்கவில்லை. டியூரா எனப்படும் தடித்த சவ்வு உறை அதைச் சுற்றி நீண்ட குழலாக இறங்குகிறது. அந்த உறை மேலே மண்டையோட்டின் அடித்துளையைச் சுற்றியும், கழுத்தின் இரண்டாம் மூன்றாம் எலும்புகளின் பின்புறத்திலும், கீழே வால் எலும்பிலும் பற்றியிருக்கிறது. இடையில் நரம்பு வேர்கள் அதைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கின்றனவேயன்றி, கால்வாயின் சுவரோடு அது ஒட்டியிருப்பதில்லை. தலை நிமிர்ந்திருக்கும்போது உறையில் குறுக்குமடிப்புகளாகச் சிறிது உபரி நீளம் தொய்ந்து கிடக்கிறது. தலை குனியும்போது கால்வாய் வளைகிறது; வளைவின் உட்புறமாக அமைவது எலும்புத் தொடரின் முன்பக்கம், வெளிப்புறமாக அமைவது பின்பக்கம். வளைவில் வெளிப்புறம் எப்போதும் நீளமானது. கழுத்தை முற்றிலும் பின்னுக்குச் சாய்த்த நிலையிலிருந்து முற்றிலும் குனிந்த நிலைக்குக் கொண்டுவரும்போது, மார்பின் முதல் எலும்பு மட்டத்தில் கால்வாயின் முன்சுவர் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கும் பின்சுவர் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கும் நீள்வதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. இந்தக் கூடுதல் நீளத்தை உறை தன் மடிப்புகளை விரித்து ஈடுசெய்கிறது. ஆரோக்கியமான கழுத்தில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை நடந்தும், எவரும் உணராத நிகழ்ச்சி இது.

மடிப்பு போதாமல் போனால் என்னாகும் என்பதை அறியத் தேர்த்திருவிழாவின் வடத்தைப் பார்த்தாலே போதும். தேர் நேர்வீதியில் செல்லும்போது வடம் வீதியின் நடுவே செல்கிறது. இருபுறமும் மக்களுக்கு இடம் இருக்கிறது. வீதி முனையில் தேரைத் திருப்பும்போது, வடம் போதிய அளவு தளர்ந்திருந்தால், பிடித்திருப்பவர்கள் அதை வெளிப்பக்கமாகச் சுற்றி எடுத்துச் செல்ல முடியும். வடம் இறுகிவிட்டால் அது வீதியின் வளைவைப் பின்பற்றுவதில்லை. இரு நுனிகளுக்கும் இடையிலான குறுக்குவழியைப் பிடித்து, திருப்பத்தின் உள்முனைச் சுவரை நோக்கி ஒரேயடியாகச் சாய்கிறது. அந்த முனையில் நிற்பவர்கள் வடத்துக்கும் சுவருக்கும் இடையில் நசுங்குகிறார்கள். நேர்வீதியில் நிற்பவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஹிராயாமா நோயில் நடப்பது ஏறத்தாழ இதுவே. உறையின் பின்சுவர் போதிய நீளமின்றி இருப்பதால், தலை குனிந்ததும் அது இறுகி, கால்வாயின் பின்சுவரை விட்டுப் பிரிந்து, முன்னோக்கி நகர்கிறது; உள்ளேயிருக்கும் தண்டுவடம் முன்புறத்து எலும்புகளின் முதுகோடு அழுத்தப்படுகிறது. குனிதலின் வளைவு கூர்மையாக விழும் கீழ்க்கழுத்தே, அதாவது ஐந்தாம் எலும்பிலிருந்து ஏழாம் எலும்பு வரையுள்ள பகுதியே, வீதியின் அந்த முனை. தண்டுவடம் என்னும் சொல்லுக்குள்ளேயே வடம் இருப்பதால் மயக்கம் நேரலாகாது: இந்த உவமையில் இறுகும் வடம் உறைதான், தண்டுவடமோ உள்முனையில் சிக்கிய கூட்டம்.

உவமையை இன்னும் சில அடிகள் இழுத்துச் செல்லவும் இடமிருக்கிறது. வடம் உள்முனைக்குப் பாய்ந்ததும் வெளிப்பக்கத்தில் திடீரென்று வெற்றிடம் உண்டாகிறது. திருவிழாவில் அந்த இடத்தைக் கண நேரத்தில் மக்கள் நிறைத்துவிடுவதுபோல, கழுத்தில் அதை நிறைப்பது சிரைகளில் ஓடும் அசுத்த ரத்தம். உறைக்குப் பின்னாலுள்ள சிரைப் பின்னல் விரிந்து, பிறைவடிவில் ரத்தம் தேங்குகிறது. தலை நிமிர்ந்ததும் உறை பழைய இடத்துக்குத் திரும்புகிறது, பிறையும் மறைந்துவிடுகிறது. ஆகவே, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் வழக்கம்போல் மல்லாந்து நேராகப் படுத்திருக்கும் நோயாளியின் படத்தில், கீழ்க்கழுத்துத் தண்டுவடம் சற்றே மெலிந்திருப்பதைத் தவிர வேறொன்றும் தென்படாமல் போகலாம். தேர் நேர்வீதியில் நிற்கும்போது எடுத்த நிழற்படத்தில் முனையின் நெரிசலைத் தேடுவது போன்றதுதான் அது. நோயாளியின் கழுத்தை வளைத்து வைத்து, அதே நிலையில் இன்னொரு முறை படம் எடுத்தால்தான் உறை முன்னே பாய்ந்திருப்பதும் பிறைவடிவச் சிரைத் தேக்கமும் பளிச்சென்று தெரிகின்றன. ஸ்கேன் எழுதித்தரும் மருத்துவர் ‘கழுத்தைக் குனியவைத்தும்’ என்று ஒரு சொல்லைச் சேர்க்காவிட்டால், படம் எடுத்தும் நோய் பிடிபடாமல் போகலாம்.

அழுத்தம் தண்டுவடம் முழுவதற்கும் பொதுவாக இருக்க, கையின் அசைவு மட்டும் கெட்டு உணர்வு தப்பிப்பதற்கும் விடை இருக்கிறது. தண்டுவடத்தின் நடுவே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த சாம்பல்நிறப் பகுதியின் முன் நீட்சிகளுக்கு முன்கொம்பு என்று பெயர். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. ரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் மூச்சுத் திணறுபவை இந்த அணுக்களே. ஒரு முறை குனிவதால் எதுவும் இறப்பதில்லை. ஆனால் படிக்கும்போதும் எழுதும்போதும் சாப்பிடும்போதும் ஆண்டுக்கணக்கில் நேரும் சிறுசிறு ரத்தக்குறைவுகளின் கூட்டுத்தொகையை அவை தாங்குவதில்லை. வளரிளம் பருவத்து ஆண்களையே இந்நோய் தேடிப்பிடிப்பதற்கும் இதே கணக்கு பொருந்துகிறது: எலும்புத்தொடர் ஓரிரு ஆண்டுகளில் கிடுகிடுவென்று நீள்கிறது, உறை அதே வேகத்தில் நீள்வதில்லை. வீதியை நீட்டிவிட்டுப் பழைய வடத்தையே பூட்டிய தேர் அது. வளர்ச்சி முடிந்து, உறையும் காலப்போக்கில் ஈடுகொடுத்து, வயதோடு கழுத்தின் நெகிழ்வும் குறையும்போது, நசுங்குதல் நிற்கிறது, நோயும் நிற்கிறது. எல்லா ஆய்வாளர்களும் இந்த விளக்கத்தோடு முழுமையாக உடன்படுவதில்லை என்பதையும் பதிவுசெய்யவேண்டும்: உறை பெரிதாக நகராத நோயாளிகள் சிலரைக் காட்டி, இது நரம்பணுக்களிலேயே தோன்றும் நோயாக இருக்கலாம் என்று வாதிட்டவர்கள் உண்டு, ஒவ்வாமையோடு தொடர்புடைய எதிர்ப்புப்புரதம் சில நோயாளிகளின் ரத்தத்தில் மிகுந்திருப்பதைச் சுட்டியவர்களும் உண்டு. ஆனால் குனிவதைத் தடுத்தால் நோய் அடங்குகிறது என்னும் அனுபவம் வடத்தின் கதையையே வலுப்படுத்துகிறது.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதுமானது. கெய்சோ ஹிராயாமாவும் உடன் பணியாற்றிய இருவரும் 1959-இல் 12 நோயாளிகளை விவரித்து, இது தனியொரு நோய் என்று எழுதினர். நரம்பணுக்கள் படிப்படியாக அழிந்து உயிரையே பறிக்கும் இயக்க நரம்பணு நோயின் மென்மையான வடிவமே இது என்று ஐயுற்றவர்கள் பலர். உயிருக்கு ஆபத்தில்லாத நோய் என்பதால் உடற்கூறு ஆய்வுக்கு வாய்ப்பே கிடைக்காமல் இருந்து, வேறொரு நோயால் இறந்த நோயாளி ஒருவரின் தண்டுவடத்தை 1982-இல்தான் ஆராய முடிந்தது. அதில் முன்கொம்புகள் முன்பின்னாகத் தட்டையாகியிருந்தன, ஏழாம் எட்டாம் கழுத்து நரம்புகளின் மட்டத்தில் சேதம் மிகுந்திருந்தது. இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் எம். கௌரி தேவியும் உடன் பணியாற்றியவர்களும் 1984-இல் ஒரே கை அல்லது ஒரே கால் மட்டும் மெலியும் நோயாளிகளை விவரித்து அதற்கு ஒற்றையுறுப்பு மெலிவு என்று பொருள்படும் பெயரை வைத்தனர். கை மெலிந்தவர்களில் பெரும்பகுதி ஹிராயாமா விவரித்தவர்களையே ஒத்திருந்தது. 1970-இல் சென்னையில் மீனாட்சிசுந்தரம் முதலானோர் விவரித்த, மருத்துவ நூல்களில் மெட்ராஸ் என்னும் ஊர்ப்பெயரைத் தாங்கி நிற்கும் இளையோர் நரம்பணு நோய் இதுவன்று. அதில் முகத்தசையும் விழுங்கும் தசையும் தளர்வதோடு காதும் மந்தமாகிறது. தென்னிந்திய இளைஞர் ஒருவரின் கை மெலியும்போது இவ்விரண்டையும் பிரித்தறிவது அவசியம். ஒன்றில் கழுத்தைக் காத்தால் போதும், மற்றொன்றில் அது எதற்கும் உதவாது.

குனிதலே காரணம் என்றால் குனியாமல் இருப்பதே மருந்து. தேருக்கு முட்டுக்கட்டை போடுவதைப் போன்ற இந்த எளிய கருத்திலிருந்து பிறந்ததுதான் கழுத்துப் பட்டை, அதாவது மருந்துக்கடையிலும் மருத்துவமனையிலும் காலர் என்றே வழங்கும் சாதனம். பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை தடையைக் குறித்தாலும், தேரோட்டத்தில் அது உயிர்காக்கும் கருவி; காலரும் அப்படியே. ஆனால் எந்தக் காலர் என்பதில்தான் பிழை நேர்கிறது. 1977-இல் வெளியான ஓர் அளவீட்டின்படி, பஞ்சை வைத்துத் துணி சுற்றிய மென்காலர் கழுத்தின் முன்பின் அசைவில் ஏறத்தாழக் கால் பங்கை மட்டுமே தடுக்கிறது. மோவாயையும் பிடரியையும் தாங்கும் இரண்டு பகுதிகளாலான பிலடெல்பியா வகைக் காலர் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தடுக்கிறது. கழுத்துவலிக்கென்று வாங்கிய மென்காலரை அணிந்துகொண்டு மோவாய் மார்பைத் தொடும் அளவுக்குக் குனிந்து படிக்கும் மாணவருக்கு அது நினைவூட்டலாக இருக்கலாமேயன்றிச் சிகிச்சையாக அமையாது. இந்நோய்க்கான காலர் கழுத்தைத் திருப்புவதையோ நிமிர்த்துவதையோ முடக்க வேண்டியதில்லை. மோவாய் கீழிறங்குவதைத் தடுத்தால் போதும், ஆனால் அந்த ஒன்றை உறுதியாகத் தடுக்க வேண்டும். அதைப் பகல் முழுவதும், மூன்று நான்கு ஆண்டுகள் அணியவேண்டும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கால அளவு. பதினேழு வயதில், சக மாணவர்கள் எல்லாரும் பார்க்க, வெயில் காலத்தில் வியர்த்துக் கசகசக்கும் ஒரு பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மூன்றாண்டுகள் திரிவது எத்தகைய தண்டனை என்பதை மருத்துவக் குறிப்புகள் சொல்வதில்லை. அந்தக் காலர் மேசை இழுப்பறைக்குள் போய்விடாமல் காப்பதே இயன்முறை மருத்துவரின் முதல் வேலை, ஒருவேளை மிகப் பெரிய வேலையும் கூட.

அடுத்த வேலை, தம் தொழிலின் வழக்கங்களையே அவர் திருப்பிப்போடுவது. கழுத்துப் பிரச்சினை என்று வருபவருக்கு அச்சிட்டுக் கொடுக்கப்படும் பயிற்சித்தாள்களில் தவறாமல் இடம்பெறும் அசைவு, மோவாயை மெல்ல மார்புக்குக் கொண்டுவந்து சில நொடிகள் நிறுத்துவது. பெரும்பாலான கழுத்துகளுக்கு இதமான அந்த நீட்டல், இந்தக் கழுத்தில் வடத்தை வேண்டுமென்றே இறுக்கி முனையில் நிறுத்துவதாகும். தேய்மானத்தால் நரம்பு நசுங்கியவர்களுக்குக் கழுத்தை ஓரளவு முன்னே வளைத்த கோணத்தில் எடை கட்டி இழுக்கும் சிகிச்சை தரப்படுவதுண்டு. கை மெலிந்து வந்த இளைஞரையும் அதே தேய்மானக் கணக்கில் சேர்த்து அப்படி இழுத்தால், நோயின் பொறியியலையே நகலெடுத்ததாக முடியும். உட்கார்ந்து முதுகைக் கூனாக்கித் தலையைத் தொங்கவிட்டு நரம்பை நெகிழ்த்தும் பயிற்சிக்கும் இதே தடை பொருந்தும். உடற்பயிற்சிக் கூடத்தில் பிடரியில் கை கோத்துத் தலையை முன்னே இழுத்து வயிற்றுத்தசைக்குச் செய்யும் பயிற்சி, யோகாசனங்களில் கழுத்தை முற்றிலும் மடக்கும் சர்வாங்காசனமும் ஹலாசனமும், மோவாயை மார்பில் பூட்டும் ஜாலந்தர பந்தம் ஆகியவையும் நோய் வளரும் காலத்தில் விலக்கத்தக்கவை. இவை தீயவை என்பதன்று பொருள்; நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கழுத்துகளுக்கு நன்மை தரும் அசைவு, உறை குட்டையான ஒரு கழுத்துக்கு நஞ்சாகிறது என்பதுதான் பொருள். பயிற்சி என்றாலே நல்லது என்னும் பொதுநம்பிக்கை இங்கே உடைகிறது.

செய்யவேண்டிய பயிற்சிகளும் இல்லாமல் இல்லை. ஆண்டுக்கணக்கில் காலர் தாங்கும் கழுத்தில் தசைகள் வேலையின்றித் தளர்ந்துபோகும் என்பதால், தலையை அசைக்காமலேயே அவற்றுக்கு வேலை கொடுக்கவேண்டியிருக்கிறது: உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை முன்னே வராதபடி தடுத்து அழுத்துவது, அதையே பிடரியிலும் இரு பக்கங்களிலும் செய்வது. நீளம் மாறாமல் தசை இறுகும் இவ்வகைப் பயிற்சியில் வடம் நகர்வதில்லை, பிடித்திருப்பவர்களின் தோள்கள் மட்டும் வலுப்பெறுகின்றன. தோள்பட்டை எலும்புகளைப் பின்னுக்குச் சேர்ப்பதும், கூன் விழுந்த மேல்முதுகை நிமிர்த்துவதும் துணைசெய்கின்றன; மேல்முதுகு கூனியிருந்தால் கண்ணைக் கீழே தாழ்த்தக் கழுத்தே முழுக் குனிவையும் சுமக்க நேரிடுகிறது. நாள்தோறும் நிகழும் குனிவுகளை எண்ணிக் குறைப்பது இன்னும் முக்கியமானது. செருப்பு வார் மாட்டவும் தரையிலிருந்து பொருள் எடுக்கவும் இடுப்பிலிருந்து வளைவது, புத்தகத்தைச் சாய்பலகையில் நிறுத்திப் படிப்பது, மடிக்கணினியின் திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்துவது, உயரமான இரட்டைத் தலையணையைக் கைவிடுவது, கைபேசியை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடிப்பது ஆகிய சிறு மாற்றங்களால், ஒரு நாளில் வடம் முனையில் இறுகும் நேரம் மணிக்கணக்கிலிருந்து நிமிடக் கணக்குக்கு இறங்கக்கூடும். கைபேசிக்கு இந்நோயில் உரிய இடம் இதுவே: நோயை உண்டாக்கும் குற்றவாளியாக இல்லாவிட்டாலும், குட்டையான உறையோடு வளரும் ஒருவருக்கு அது குனிவின் நேரத்தைக் கூட்டுகிறது.

மெலிந்துவிட்ட கையின் கதை வேறு. இறந்த முன்கொம்பு அணு திரும்பி வருவதில்லை, ஆனால் அது இயக்கிவந்த தசைநார்கள் உடனே அழிந்துவிடுவதுமில்லை. பக்கத்தில் உயிரோடிருக்கும் நரம்பின் நுனிகள் புதுக்கிளை விட்டு, அனாதையான நார்களைத் தத்தெடுத்துக்கொள்கின்றன. முனையில் விழுந்தவர்களின் பிடியை அக்கம்பக்கத்தார் சேர்த்துப் பிடிப்பதற்கு ஒப்பானது இது. ஒரு நரம்பணு தன் இயல்பான எண்ணிக்கையைவிடச் சில மடங்கு நார்களைச் சுமக்க முடியும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. தசையின் நரம்பிணைப்பில் பெரும்பகுதியை இழந்த எலிகளை மிகையாக ஓடவைத்த சோதனைகளில் புதுக்கிளை விடுவதே தடைப்பட்டது. ஆகவே, சூம்பிய கையை முடிந்தமட்டும் கசக்கிப் பிழிந்தால் சதை வைத்துவிடும் என்னும் உடற்பயிற்சிக் கூடத்து நியாயம் இங்கே செல்லாது. குறைந்த எடை, குறைந்த தடவைகள், இடையிடையே ஓய்வு, மறுநாள் காலையில் கை முன்பைவிடத் தளர்ந்திருந்தால் அளவைக் குறைத்தல் என்பதே ஏற்ற முறை. பிடியின் வலிமையை அதற்கான அளவுமானியால் மாதந்தோறும் அளந்து எழுதிவைப்பதும் அதன் ஒரு பகுதி.

எந்தத் தசைக்குப் பயிற்சி என்பதிலும் கவனம் வேண்டும். ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்வது எல்லா ஊர்களிலும் நடப்பது. அது முன்கையிலுள்ள மடக்குத்தசைகளுக்கு வேலை கொடுக்கிறது, இந்நோயில் அதிகம் அடிபடுவதோ உள்ளங்கைக்குள்ளேயே பிறந்து விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் செய்யும் சிறுதசைகள். விரல்களைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டி அதை எதிர்த்து விரிப்பது, இரு விரல்களுக்கு இடையில் தாள் ஒன்றைக் கவ்விப் பிடிப்பது, நாணயத்தைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் எடுப்பது போன்றவையே அவற்றைச் சென்றடைகின்றன. அச்சிறுதசைகள் மெலிந்து விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கத் தொடங்கினால், விரலடி முட்டி பின்னுக்கு வளைவதைத் தடுக்கும் சிறு தாங்குபட்டை அணிந்ததும், நீட்டும் தசையின் விசை விரல் நுனிக்குச் சென்று சேர்ந்து, மடங்கிய விரல் கண்முன்னே நிமிர்கிறது. எடையென்று சொல்லத் தேறாத ஒரு பிளாஸ்டிக் துண்டு, மாதக்கணக்கான பயிற்சியால் முடியாததை ஒரு நிமிடத்தில் செய்துகாட்டுகிறது. பயிற்சிக்கு முன் வெந்நீரில் கையை நனைப்பதும், குளிர் நாட்களில் கையுறை அணிவதும் தற்காலிகமாகத் தொலையும் வலிமையைக் காக்கின்றன. தடித்த பேனாவும், சாவியின் தலையில் செருகும் அகலமான பிடியும் எளியவை. ஆனால் எழுதவும் கதவைத் திறக்கவும் முடிகிறது என்னும் நிலை ஓர் இளைஞரின் படிப்பையும் வேலையையும் தீர்மானிக்கக்கூடியது.

தானாக நின்றுவிடும் நோய்க்கு எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் அது வெற்றிபெற்றதாகவே தோன்றும். இரண்டாம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய மாத்திரையும், தைலமும், மின்னதிர்வுக் கருவியும், மூன்றாம் ஆண்டில் நோய் நின்றதற்கான புகழைப் பெற்றுக்கொள்கின்றன. நோயாளியின் குடும்பம் அதை நேர்மையாகவே நம்புகிறது. மின்தூண்டலால் தசையைச் சுருங்கச் செய்ய முடியும், இறந்த நரம்பணுவை எழுப்ப முடியாது. தண்டுவட நோய்களுக்கெல்லாம் ஸ்டெம்செல் ஊசி என்று விளம்பரப்படுத்தி லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் வணிகத்துக்கு இந்நோயாளிகளும் இரையாகக்கூடியவர்கள். ஒப்புதல் பெற்ற மருத்துவ ஆய்வுக்கு வெளியே, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கன்றி அத்தகைய சிகிச்சையை அளிக்கக் கூடாது என்பதே இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டுநெறி. இதே கறாரான அளவுகோலைக் காலருக்கும் வைப்பதுதான் நேர்மை. ஹிராயாமாவும் உடன் பணியாற்றியவரும் 2001-இல் வெளியிட்ட தொகுப்பில், காலர் அணிந்தவர்களிடம் நோய் வளரும் காலம் அணியாதவர்களைவிடக் குறைவாக இருந்தது, தொடக்கத்திலேயே அணிந்தவர்கள் சிலரிடம் வலிமை ஓரளவு திரும்பியது. ஆனால் அது நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய பெரிய சோதனை அன்று. பயிற்சிகளுக்கான சான்று இன்னும் மெலிந்தது, பெரும்பாலும் ஒற்றை நோயாளி அறிக்கைகளே. எனினும், தன் வேலைமுறையை ஸ்கேன் படத்தில் கண்ணுக்குக் காட்டக்கூடிய சிகிச்சைக்கும், காட்ட எதுவுமில்லாத சிகிச்சைக்கும் இடையே வேறுபாடு உண்டு: காலர் அணிந்த கழுத்தில் மோவாய் இறங்குவதில்லை, மோவாய் இறங்காத கழுத்தில் உறை பாய்வதில்லை.

காலரைத் தாங்கமுடியாதவர்களுக்கும், அணிந்தும் மெலிவு தொடர்பவர்களுக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. முன்புறமாகச் சென்று கீழ்க்கழுத்து எலும்புகளை ஒன்றோடொன்று இணைத்து வளைவையே நீக்குவது ஒரு வழி, குட்டையான உறையில் ஒட்டுப்போட்டு அகலப்படுத்துவது இன்னொரு வழி. முதலாவது வீதியின் முனையை நிரந்தரமாக நேராக்குவது, அதன் விலையாகக் கழுத்தின் அசைவில் ஒரு பங்கு வாழ்நாள் முழுவதற்கும் போய்விடும். வளர்ச்சி முடிந்ததும் தானே தளரப்போகும் வடத்துக்காக இருபது வயதில் அவ்விலையைக் கொடுக்கலாமா என்பது ஒவ்வொரு நோயாளியிடமும் தனித்தனியே எடைபோடவேண்டிய கேள்வி.

காலரைக் கழற்றும் நாளையும் நாட்காட்டி முடிவுசெய்வதில்லை. ஓராண்டேனும் பிடியின் அளவு குறையாமல் நின்றபின், கழுத்தைக் குனியவைத்து மீண்டும் ஒரு ஸ்கேன் எடுக்கப்படுகிறது. முதல் படத்தையும் புதிய படத்தையும் விளக்குப்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உறை பின்சுவரோடு சேர்ந்தே நிற்கிறதா, பிறைவடிவச் சிரைத்தேக்கம் மறைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மறைந்திருந்தால் முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், பிறகு அரைநாள், பிறகு முழுநாள் என்று காலர் விலக்கப்படுகிறது. மூன்றாண்டுகளாகத் தலையைத் தாங்கும் பழக்கத்தை மறந்துபோன கழுத்துத்தசைகளுக்கு, அந்த வாரங்களில்தான் இயன்முறை மருத்துவர் முதன்முறையாகத் தலையைச் சற்றே முன்னே அசைக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கிறார், மோவாய்க்கும் மார்புக்கும் இடையில் நான்கு விரற்கடை இடைவெளி விட்டு.